ஆவணி பன்னிரண்டு, மத்தியானம்

அத்தியாயம் 14

பன்னிரண்டு அடி. நேற்று ஒன்பதுதான்.

கொல்லையில் இடுப்பு உயரத்துக்குக் கட்டியிருந்த இரண்டு மூங்கில்களுக்கு நடுவே நாகநாதன் நடந்துகொண்டிருந்தார். இடது கை மூங்கிலை இறுகப் பிடித்திருந்தது. வலது கால் மண்ணைச் சுரண்டியபடி அரைவட்டமாகச் சுற்றி வந்து முன்னால் விழுந்தது. விழுந்தால் தாங்கிக்கொள்ள இரு கைகளையும் விரித்தபடி மகன் துரைராசு பின்னாலேயே போனான்.

“பதிமூணு வைங்கப்பா. இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

நாகநாதன் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. மகன் தாங்கிக்கொள்ள, கடைவாயில் வழிந்ததை இடது கையால் துண்டெடுத்துத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

“கதவு.”

மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்த தர்மாம்பாளின் கை தொட்டிக்குள்ளேயே நின்றது.

“இதோ சாத்திடறேன்ப்பா.” துரைராசு கொல்லைக் கதவைச் சாத்தினான்.

“கதவு. கதவு.”

“சரி சரி, தொறந்தே இருக்கட்டும்.”

ஐந்து மாதமாக இதேதான். ஐம்பத்திரண்டு வயதில் பக்கவாதம் வந்து விழுந்தவருக்குப் பேச்சில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். பசித்தாலும் கதவு, கால் மரத்தாலும் கதவு, காக்கை கத்தினாலும் கதவு. “சில பேருக்கு ஒரு வார்த்தை மட்டும் நாக்குல மாட்டிக்கிட்டு நிக்கும். அதுல அர்த்தம் தேடாதீங்க” என்று தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். ஊரும் தேடவில்லை.

தர்மாம்பாளுக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

இத்தனை வாரமும் அவள் தன் வாயால் சொல்லாததை இனி மறைப்பதற்கில்லை. போன ஆவணி பன்னிரண்டாம் தேதி நாகநாதன் விழுந்தது, அவள் ஊருக்குச் சொன்னபடி மூன்று மணிக்கு மேல் அல்ல. காலை பத்தரைக்கு.

அதற்கு முந்தைய வருஷம்தான் சர்க்கார் மதுவிலக்கை எடுத்திருந்தது. மெயின் ரோட்டில் சாராயக் கடை வந்தது. நாகநாதன் குடிகாரர் இல்லை. ஆனால் நாலைந்து தரம் போய்விட்டு வந்தார். கடைசித் தரம் தர்மாம்பாள் சத்தியம் செய்தாள்: “இனி ஒரு தரம் இப்படித் தள்ளாடிக்கிட்டு வந்தீங்கன்னா இந்த வீட்டுக் கதவு தொறக்காது.”

அன்று காலை அப்பனுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருக்கிறது, பண்ணையின் ஒன்பது மா நிலத்தையும் இருபத்தைந்து வருஷமாக உழுகிறோம், மனுக் கொடுப்போம் என்றான் துரைராசு. “அந்த வீட்டு நெல்லைத் தின்னுட்டு அவங்க மேலயே கேசு போடச் சொல்றியா?” என்றார் இவர். “அப்ப கடைசி வரைக்கும் அவங்க காலடியிலயே கெடங்க!” என்று கத்திவிட்டு, மனுப் பாரம் வாங்கத் தஞ்சாவூர் பஸ் ஏறிவிட்டான் மகன். இவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார்.

பத்தரை மணிக்குத் திரும்பி வந்தார். கால் தள்ளாடியது. வாயில் எச்சில் ஒழுகியது. பேச்சு குழறியது. தர்மாம்பாள் அதற்கு மேல் பார்க்கவில்லை. அவர் முகத்துக்கு நேராகக் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“கதவு... கதவு...” என்று வெளியே கேட்டது. மரத்தில் உள்ளங்கை பட்டுப் பட்டு வழுக்கும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வைராக்கியமாக உட்கார்ந்து உளுந்து அரைத்தாள், படுத்துத் தூங்கினாள். நாலு மணிக்குக் கன்றுக்குட்டியை அவிழ்க்கப் போனபோதுதான், கதவை ஒட்டிய மாட்டுக்கொட்டகையில் வலது தோள் அடியில் நசுங்க, கண் திறந்தபடி அவர் கிடந்ததைப் பார்த்தாள். குனிந்து மூக்கை வைத்தாள். சாராய வாசனையே இல்லை.

“எத்தனை மணிக்கு விழுந்தாரு?” என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்.

“மூணு மணிக்கு மேல இருக்குங்க” என்றாள். எழுதிக்கொண்டார்கள்.

பொழுது சாயத் திரும்பி வந்த துரைராசு அன்றைக்கு முடிவு கட்டிவிட்டான், தன் பேச்சுதான் அப்பாவைச் சாய்த்தது என்று. பட்டுக்கோட்டை மாமன் மகள் வள்ளியம்மையோடு நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை, அப்பா எழுந்து நடந்தால்தான் என்று தள்ளி வைத்தான். மலம் அள்ளினான். மூங்கில் கட்டினான். தர்மாம்பாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவள் பாவத்தை அவன் சுமந்தான். ஒரு நாள்கூட அவள், ‘இறக்கி வைடா’ என்று சொல்லவில்லை.

போன புதன்கிழமை நடந்ததுதான் அவளை ஆட்டி வைத்துவிட்டது.

வாரம் ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே பயிற்சி கொடுப்பது ரஹ்மத் பீவி என்ற ஓர் அம்மாள். கணீரென்ற குரல். ஒரு முறத்தில் நெல்லைப் போட்டு, நாகநாதனின் வலது கையைப் பிடித்து அதற்குள் புதைத்து, “அள்ளுங்க ஐயா, உங்க நெல்லுதான், அள்ளுங்க” என்பாள். விரல்கள் இப்போது லேசாக மடங்கின. ஆனால் கையை மார்பு உயரத்துக்குத் தூக்கினால் நாகநாதன் அலறினார்.

“கையி வரும். தோள்தான் வர விட மாட்டேங்குது” என்றாள் ரஹ்மத் பீவி. பிறகு தர்மாம்பாளைத் திரும்பிப் பார்த்தாள். “ஏம்மா, விழுந்தன்னைக்கு அந்தத் தோள் மேலயே ரொம்ப நேரம் கெடந்தாரா?”

“இல்லையே. விழுந்ததும் தூக்கிட்டோமே.”

ரஹ்மத் பீவி இருபது வருஷம் நோயாளிகளின் வீட்டுக்காரர்களைப் பார்த்தவள். மறுபடி நெல்லுக்குள் அவர் கையைப் புதைத்தாள்.

*

இன்று தை மாதம் எட்டாம் தேதி. விசாரணை நாள்.

சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுப்புக்குப் பத்து நாள் போதும். அந்த நேரம் பார்த்துப் பண்ணைக் காரியஸ்தர் கலியபெருமாள் எதிர்மனு கொடுத்திருந்தார். நாகநாதன் இனி சாகுபடிக்காரரே இல்லை என்று. துரைராசு கொடுத்த மனுவையும் அதையும் சேர்த்து விசாரிக்கப் பதிவு அதிகாரி அவர்கள் ஊரான ஆலங்காலுக்கே வந்திருந்தார்.

வண்டி கட்டி நாகநாதனை ஏற்றினார்கள். ஊராட்சிக் கட்டடத்து வாசலில் இறக்கியதும் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலி வரை அவரே நடந்தார். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

அதிகாரி சின்ன வயசுக்காரர். கண்ணாடி போட்டிருந்தார். “நிலத்துல வேலை யாரு பாக்கறது?” என்று கேட்டார்.

“நான்தான் சார். அப்பா விழுந்ததுலேருந்து உழவு, நடவு எல்லாம் நான்தான் நிக்கிறேன்.”

“குடும்பத்து ஆளு செஞ்சா போதும். சட்டத்துல இடம் இருக்கு” என்றார் அதிகாரி. துரைராசின் முகம் தெளிந்தது.

கலியபெருமாள் எழுந்தார். கையில் ஒரு தாள்.

“ஐயா, எனக்கும் நாகநாதன் மேல இரக்கம் உண்டு. இருபத்தஞ்சு வருஷப் பழக்கம். ஆனா அவரே மனசார விட்டுக் குடுத்த நெலம் இது. ஆவணி பன்னெண்டாம் தேதி மத்தியானம் ரெண்டு மணிக்குப் பண்ணை வீட்டுக்கு வந்தாரு. ‘பையன் கேசுன்னு குதிக்கிறான், எனக்குப் பிடிக்கலை, நெலத்தை நீங்களே எடுத்துக்குங்க’ன்னு சொல்லி ரேகை வச்சுக் குடுத்தாரு. வீட்டுக்குப் போனவரு மூணு மணிக்கு மேல விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிச் சீட்டுலயே நேரம் போட்டிருக்கு, பாருங்க.”

“விதை நெல் வாங்கறப்ப வெத்துத் தாள்ல ரேகை வாங்கறது இவங்க வழக்கம் சார்!” துரைராசு கத்தினான். ஆனால் குரலில் பாதிதான் பலம் இருந்தது. தர்மாம்பாள் பக்கம் குனிந்தான்.

“அம்மா, அப்பா நெசமாவே குடுத்திருப்பாரும்மா. காலையில நான் பேசின பேச்சு அப்படி. அந்தக் கோவத்துல போய் வச்சிருப்பாரு. எல்லாம் என்னாலதான்.”

அவள் மகனைப் பார்த்தாள். இருபத்துநாலு வயசுப் பிள்ளைக்குக் கன்னம் ஒட்டிக் கிடந்தது. இரண்டு மணிக்கு அவர் எங்கே கிடந்தார் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொன்ன ஒரு பொய் மணிக்குள் அந்தத் தாள் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது!

எழுந்தாள்.

“இல்லீங்க.”

“நீங்க யாரும்மா?”

“அவரு சம்சாரம். தர்மாம்பாள். ரெண்டு மணிக்கு இவரு எங்கயும் போகலை. போக முடியாது. காலையில பத்தரைக்கே இவருக்கு வாதம் வந்துட்டுது. நான்தான்...” முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு எடுத்தாள். “குடிச்சிட்டு வந்திருக்காருன்னு நெனச்சு வெளிய விட்டுத் தாப்பா போட்டுட்டேன். கதவு கதவுன்னு கூப்பிட்டாரு. தொறக்கலை. நாலு மணி வரைக்கும் மாட்டுக்கொட்டகையில கெடந்தாரு. ஆஸ்பத்திரியில நான் சொன்னது பொய்யி.”

ஐந்து மாதம் அந்த ஒரு சொல்லைக் கேட்டுச் சிரித்தவர்களும் பரிதாபப்பட்டவர்களும் தரையைப் பார்த்தார்கள். நடந்ததையெல்லாம் சொன்னவள் ஒன்றை மட்டும் தொண்டைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டாள். இதுவே போதும், இதற்கு மேல் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அப்போதும் ஓர் எண்ணம் இருந்தது.

துரைராசு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்த இடத்தில் யாரோ அந்நியர் நிற்பது போல.

கலியபெருமாள் லேசாகச் சிரித்தார். “ஐயா, நெலம் போவுதுன்னதும் நேரத்தை மாத்துறாங்க. எந்தப் பொம்பளையாவது புருஷனை இப்படிப் போட்டுட்டு அஞ்சு மணி நேரம் சும்மா இருப்பாளா?”

தர்மாம்பாளும் தினமும் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்விதான் அது.

அதிகாரி எழுந்து நாகநாதன் முன்னால் வந்து குனிந்தார். “ஐயா, நான் சொல்றது புரியுதா? உங்க சம்சாரம் சொன்னது நெசம்னா இடது கையைத் தூக்குங்க.”

நாகநாதன் வெகுநேரம் அசையவில்லை. கண் மட்டும் தர்மாம்பாளிடம் போய் நின்றது. பிறகு இடது கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது.

“பேச்சு வராத ஆளு. எதைக் கேட்டாலும் தூக்குவாருங்க” என்றார் கலியபெருமாள்.

“உங்க பேரு முருகையனா?” அதிகாரி கேட்டார்.

கை கீழே இறங்கியது.

“உங்க பேரு நாகநாதனா?”

கை எழுந்தது.

“ஆவணி பன்னெண்டாம் தேதி பண்ணை வீட்டுக்குப் போனீங்களா?”

கை இறங்கியது. இறங்கியதோடு நாற்காலிக் கையை ஓங்கித் தட்டியது.

தர்மாம்பாள் அந்தக் கையையே பார்த்தாள். இவருக்கு எல்லாம் தெரிகிறது. ஒவ்வொரு பேச்சும் புரிகிறது. ஐந்து மாதமாகப் புரிந்துகொண்டேதான் இவள் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு நம்பத் தோணுது. ஆனா நான் நம்பினா பத்தாது, எழுதணும். ஆஸ்பத்திரிச் சீட்டுல மூணு மணின்னு இருக்கு. அதை உடைக்க உங்க குடும்பத்துல சேராத ஒரு சாட்சி வேணும். அன்னைக்கு அவரு கெடந்ததைப் பாத்தவங்க யாராவது உண்டா?”

“யாரும்...” என்று தொடங்கினாள் தர்மாம்பாள்.

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மறுபடி வரேன். சாட்சி இருந்தா கொண்டாங்க. இல்லேன்னா தாளைத்தான் நான் பாக்கணும்.”

*

வீடு வந்ததும் துரைராசு அப்பாவை இறக்கிக் கட்டிலில் உட்கார வைத்தான். பக்கத்து வீட்டுப் பூவம்மாளைக் கூப்பிட்டுத் துணைக்கு உட்காரச் சொன்னான். தர்மாம்பாள் கஞ்சி கரைத்துக் கொண்டுபோய் நீட்டினாள். நாகநாதன் வாயைத் திறக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கிண்ணத்தைப் பூவம்மாள் வாங்கிக்கொண்டாள். அவள் கொடுத்ததும் குடித்தார்.

கொல்லையில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றான் துரைராசு. கிட்டே போனாள்.

“ராசு.”

“அஞ்சு மாசம்மா. தெனம் அவரு காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தே.”

“ஒருத்தி பாத்தா” என்றாள் தர்மாம்பாள்.

“என்னது?”

“அன்னைக்கு அவரு கெடந்ததை. காளியம்மாள் பாத்தா. சாணி அள்ள வந்தா.”

அங்கே ஏன் சொல்லவில்லை என்று துரைராசு கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

காளியம்மாள் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவில். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் தர்மாம்பாள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதில்லை. காளியம்மாள் வயலிலிருந்து அப்போதுதான் வந்து, ஆட்டுக்குப் புல்கட்டை அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். ஆச்சரியப்படவில்லை.

“வருவீங்கன்னு தெரியும். அந்தக் காயிதத்துல ரெண்டு மணின்னு போட்டிருக்காமே. ஊரே பேசுது.”

“நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டான் துரைராசு.

“பாத்தேன் தம்பி. உச்சிப் பொழுது. ஐயா கொட்டகையில ஒருக்களிச்சுக் கெடந்தாரு. வாய் ஒரு பக்கமா இழுத்திருந்துச்சு.”

“அதிகாரி முன்னால வந்து சொல்லுவீங்களா? பண்ணையில அப்புறம் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன்.”

“கூலி கேட்டுச் சங்கத்துல நின்னப்பவும் ரெண்டு மாசம் கூப்பிடலை. செத்தா போயிட்டோம்? வரேன்.” புல்லை உதறிவிட்டுத் தர்மாம்பாள் பக்கம் திரும்பினாள். “ஆனா அம்மா, வந்தா நான் நடந்ததை நடந்தபடிதான் சொல்லுவேன். பாதியை முழுங்கிட்டுப் பாதியைச் சொல்ல எனக்கு வராது. தம்பிக்கு அது தெரியுமா?”

துரைராசு திரும்பினான். “எதும்மா?”

தர்மாம்பாள் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தாள்.

“நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?” காளியம்மாளின் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“இவ வந்து கதவைத் தட்டினா” என்றாள் தர்மாம்பாள். “‘ஐயா வாய் கோணிக் கெடக்கு, சாராய வாடையே இல்லை, வந்து பாருங்க’ன்னு கூப்பிட்டா. நான் உள்ளே இருந்துக்கிட்டே...”

“உள்ளே இருந்துக்கிட்டே?”

“எங்க வீட்டு ஆம்பளையை மோந்து பாக்க நீ யாருடின்னு கேட்டேன்.”

காளியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள், அவமானம் தன்னுடையது போல.

துரைராசு கேட்டான். அம்மாவை அல்ல, காளியம்மாளை.

“அப்ப அப்பாவுக்கு நெனவு இருந்துச்சா?”

“முழிச்சுத்தான் கெடந்தாரு தம்பி. அம்மா சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தாரு. நான் திரும்பிப் போறப்ப என்னையே பாத்தாரு. நானும் போயிட்டேன். நாலு பேரைக் கூட்டியாந்திருக்கலாம். அந்த வார்த்தை சுட்டுடுச்சு, போயிட்டேன். எனக்கும் அது உறுத்திக்கிட்டேதான் இருக்கு.”

“வெள்ளிக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றான் துரைராசு. இரண்டு கைகளையும் கூப்பினான்.

திரும்பும் வழியில் நடுப்பாலத்தில் நின்றான்.

“வெள்ளிக்கிழமை அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீயே அதைச் சொல்லிடும்மா.”

“அதிகாரிகிட்டயா?”

“அப்பாகிட்ட.”

அவன் முன்னால் நடந்தான். தர்மாம்பாள் பின்னால் நடந்தாள். இந்த ஐந்து மாதத்தில் அவரைக் குளிப்பாட்டியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள், முறத்தில் நெல் போட்டு அள்ளச் சொல்லியிருக்கிறாள், எதுவும் புரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டு. அப்படி நினைத்தபோது எல்லாமே எவ்வளவு சுலபமாக இருந்தது!

வீட்டு வாசலில் பூவம்மாள் நின்றிருந்தாள். இவர்களைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“தர்மாக்கா, எங்க போயிட்டீங்க? அத்தான் ஏதோ சொல்றாரு. இத்தனை நாள் சொன்னது இல்லை. இது வேற வார்த்தை.”